கீற முடியாததை எழுது

பெற்றோர் சந்திப்பு நாளில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ரீச்சரின் வாசலில் நிற்கிற வரிசை படிக்கட்டு வரைக்கும் போகும். என் சித்திர அறைக்கு ஒரு காகம்கூட வராது. "மாக்ரெட் மிஸ், உங்களுக்கென்ன, ஃப்ரீயா இருக்கலாம்" என்று மற்ற ரீச்சர்மார் பகிடி விடுவார்கள். பகிடியாம்! சோதனை கிட்டினால் முதலில் பிடுங்குவது என் பாடத்தைத்தான். "சித்திரந்தானே, குடுங்கோ மிஸ், நான் பின்னம் முடிச்சிட்டுத் தாறன்" என்பார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பெயர். இருபது வருடத்துக்கு மேல் வெள்ளவத்தையில் சித்திரம் படிப்பித்தவளுக்கு வேறு எங்கே வரும்?

அதனால் அந்த முறை ஒரு மனிதர் என் அறை வாசலில் வந்து நின்றபோது வழி தெரியாமல் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"கணித ரீச்சர் மேல் மாடி" என்றேன்.

"இல்லை மிஸ். உங்களைத்தான் பாக்க வந்தனான்."

அவர்தான் உமாசுதன். மூன்றாம் ஆண்டில் படிக்கும் தாரிகாவின் அப்பா. காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸை மெஷினில் வெட்டி, ஓரம் தேய்த்து, ஃப்ரேமுக்குள் பொருத்த வேண்டும். பதினேழு வயதில் சண்டிலிப்பாயிலிருந்து கொழும்புக்கு வந்து, மாமா வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுத்து, அந்தக் கடையிலேயே வேலை பழகி, அந்தக் கடையிலேயே தங்கிவிட்டவர். முதலாளிமார் மாறினார்கள், இவர் மாறவில்லை. அளவெட்டிப் பெண் மிதுனாவைக் கட்டி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிருகிற வீடு. குடி இல்லை, சிகரெட் இல்லை, ஒருவரோடும் சண்டை இல்லை. ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா என்று கேட்டால், ஓம், அன்றைக்கு இவ்வளவுதான் இருந்தது.

பிள்ளைகளின் கதிரைதான் என் அறையில் உண்டு. முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் உட்கார்ந்தார்.

"தாரிகா எழுதிறாள் இல்லை மிஸ். கரும்பலகையில இருக்கிறதைப் பாத்து எழுதுவாள். கணக்கும் செய்வாள். தானா ஒரு வசனம் எழுதச் சொன்னால் பென்சிலைக் கீழ வைச்சிடுவாள். நீங்கள் படம் கீறப் பண்ணி எழுத வைக்கிறனீங்களாம் எண்டு சொல்லிச்சினம்."

"முந்தி எழுதினவளோ?"

"வடிவா எழுதுவாள்."

"அப்ப வீட்டில என்ன நடந்தது?"

அவர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்.

"அவளின்ர அம்மா செத்துப்போனா" என்றார். நாளைக்குப் போயா விடுமுறை, கடை பூட்டு என்று சொல்கிற குரல்.

நான் யேசுவே என்றேன். அவர் அதே குரலில், "தாரிகாவுக்குத் தெரியாது" என்றார்.

பிறகு மிச்சத்தையும் சொன்னார். மிதுனாவுக்குத் தொண்டையில் கட்டி. சென்னைக்குக் கூட்டிப்போனார். பிள்ளை ஹெந்தளையில் மாமி வீட்டில் நின்றாள். ஒப்பரேஷன் சரிவரவில்லை. அங்கேயே எரித்துவிட்டு, மிதுனாவின் சாமான் பெட்டியோடு திரும்பி வந்தார். வருவதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. லண்டனில் இருக்கிற மிதுனாவின் அக்கா, கனடாவில் இருக்கிற அண்ணன், ஹெந்தளை மாமி எல்லோரும் போனில் கூடி, பிள்ளை சின்னன், தாங்கமாட்டாள், கொஞ்சம் வளரட்டும் என்று தீர்த்துவிட்டார்கள். அம்மா சென்னையிலிருந்து நேரே லண்டனுக்குப் பெரியம்மாவிடம் மருந்து செய்யப் போய்விட்டா என்று சொல்வது. தொண்டையில் வெட்டியதால் கதைக்க ஏலாது, வட்ஸ்அப்பில் எழுதத்தான் ஏலும் என்று சொல்வது. அந்த மெசேஜ்களை அம்மா மாதிரிப் பெரியம்மா எழுதுவது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் பிள்ளையை ஹெந்தளைக்கு அனுப்பியாயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சனத்துக்கு இது ஒன்று. பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தால், செத்தவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் போல.

"எல்லாரும் சொல்லிச்சினம் எண்டு சொல்றீங்கள். நீங்கள் என்ன சொன்னீங்கள், தம்பி?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்ல மிஸ்."

அந்த மனிதனை என்னென்று திட்டுவது? அவருடைய இடது கைப் பெருவிரலில் பிளாஸ்டர் இருந்தது. என்ன என்று கேட்டேன். மெஷின் வெட்டிவிட்டதாம். அவருக்குத் தெரியவில்லையாம், வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியில் ரத்தம் என்று சொன்ன பிறகுதான் பார்த்தாராம். "நோகேல்ல மிஸ். சாப்பாட்டில உப்புக் கூடினாலும் தெரியுதில்லை. கடைக்குப் போறன், வாறன். எல்லாம் சரியாத்தான் நடக்குது." முறைப்பாடு இல்லை. மற்ற யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

தாரிகாவுக்குக் கண் பழுதோ என்று தன் கடையிலேயே சோதித்தும் பார்த்தாராம். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாளாம்.

வகுப்பு ரீச்சர் ஜீவராணிக்கு இந்தச் செத்த கதை ஒன்றும் தெரியாது. ஆரும் வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்துக்கே மறைத்திருந்தார். தவணைச் சோதனையில் 'எனது குடும்பம்' பற்றி ஐந்து வசனம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கோ, எங்களிட்ட இப்படியான பிள்ளையளுக்கு ஆளில்லை என்று ஜீவராணி சொல்லிவிட்டாள். மிதுனா அலைந்து திரிந்து எடுத்த இடம் அது. அதுவும் போய்விட்டால் பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் அவர் என்னிடம் வந்திருந்தார்.

"சரி, பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு இஞ்ச அனுப்புங்கோ" என்றேன். "ஆனால் ஒண்டு. இந்தப் பொய்யை நீங்கள்தான் ஒரு நாளைக்கு உடைக்க வேணும். நான் உடைக்க மாட்டன்."

"ஓம் மிஸ்" என்றார். நான் எதைச் சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

என் முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கொழும்புப் பிள்ளையிடம் படம் கீறு என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு. ஏதோ எல்லோரும் மலையில் பிறந்த மாதிரி! பிறகு அதற்குக் கீழே 'இது மலை. இது சூரியன்.' மலையென்று எனக்குத் தெரியாதா? கண்ணில் தெரிகிறதை ஏன் எழுதுகிறாய் என்று கத்துவேன். கீற முடிந்ததைக் கீறு, கீற முடியாததை எழுது. இதுதான் என் அறையின் சட்டம். மணம் கீற முடியாது, சத்தம் கீற முடியாது, மனதுக்குள் இருக்கிறது கீறவே முடியாது. அப்படி ஒரு முறை ஷிப்லி என்ற பொடியன் தனக்கு முடி வெட்டுகிற படம் கீறிவிட்டு, 'கத்தரிக்கோல் காதுக்குக் கிட்ட வரும்போது நான் மூச்சு விடமாட்டேன்' என்று எழுதினான். அதுவரைக்கும் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதாதவன்.

தாரிகா வந்தாள். இரட்டைப் பின்னல், இரண்டும் இரண்டு உயரத்தில். அப்பா பின்னியது என்று பார்த்ததும் தெரிந்தது. கீறச் சொன்னதும் கீறினாள். அட, என்ன கீறல்! அவர்களுடைய பிளட் வீட்டின் வராந்தா, காயப்போட்ட சட்டைகள், ஒவ்வொரு சட்டைக்கும் கிளிப், கீழே தண்டவாளம், தண்டவாளத்தில் நடக்கிற நாய், கடல், கடலில் கப்பல், கப்பலில் கொடி. தாளின் நான்கு மூலையும் நிரம்பியது. எழுது என்றால் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடமில்லையே மிஸ்."

பெரிய தாள் கொடுத்தேன். அதையும் நிரப்பினாள். அடியில் கோடு போட்டு, இது எழுதுகிற இடம் என்று கொடுத்தேன். கோட்டுக்கு மேல் வீதியைக் கீறி, கோட்டுக்குக் கீழே வீதிக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்க் குழாயைக் கீறினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கள்ளி, எழுதாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், மழை கண்ணாடியில் வடிய, எட்டு வயதுப் பிள்ளை ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று யோசித்தேன்.

உமாசுதனும் வேலையில் ஒரு மணித்தியாலம் அனுமதி கேட்டு வந்து, அந்தக் குட்டிக் கதிரையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் பென்சிலைத் தொட்டால் அவர் கழுத்து நீளும். பள்ளிக் கொப்பியிலும் அவள் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் அவர் வாசிப்பாராம். மிதுனா செய்த வேலை அது. இப்போது இவர் செய்தார்.

ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

"அம்மா அனுப்பியிருக்கிறா" என்று வாசித்தார். "என்ர குஞ்சு, அம்மாவுக்கு இன்னும் கதைக்க ஏலாது. டொக்டர் இன்னும் கொஞ்ச நாள் செல்லும் எண்டு சொல்றார். அப்பாவைக் கரைச்சல் படுத்தாமல் இருங்கோ. எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கோ."

வாசித்து முடிய வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். தாரிகா போனைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய கையைத் தடவி, "அம்மாவுக்குச் சுகம் வந்திடும் அப்பா" என்றாள்.

"ஓம் குஞ்சு."

"நீங்கள் யோசிக்காதேங்கோ."

ஐயோ, இந்தப் பிள்ளை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். அன்று அவரை வெளியே கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். செத்த பெண்ணின் பெயரில் பிள்ளையிடம் கடிதம் கேட்கிற கூட்டத்தை நான் எங்கும் கண்டதில்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "சோதினை முடியச் சொல்லுறன் மிஸ்" என்றார். முதலில் வளரட்டும் என்றார்கள், இப்போது சோதனை முடியட்டுமாம். எங்களில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் சோதனை முடியக் காத்திருக்கும்!

சோதனைக்கு முதல் வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. உமாசுதன் உள்ளே வந்து வழக்கம்போல அந்தக் கதிரையை இழுத்தார்.

"இண்டைக்கு நீங்கள் வேண்டாம்" என்றேன். "கேற்றடியில நில்லுங்கோ. பக்கத்தில நிண்டு எட்டி எட்டிப் பாத்தால் ஆருக்கு எழுத வரும்?"

எழும்பிப் போனார். தாரிகா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா திரும்பி வருவாரோ மிஸ்?"

"நான் கூப்பிட்டால்தான் வருவார்."

"யன்னலாலயும் பாக்கமாட்டாரோ?"

"கேற்றில இருந்து எப்பிடியம்மா யன்னலால பாக்கிறது? கீறு."

நான் தூரிகைகளைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவள் தாளில் பாதியைத்தான் கீறியிருந்தாள். ஒரு கட்டில். கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர். வாய் சிரிக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை. வேறொன்றும் இல்லை; கப்பல் இல்லை, நாய் இல்லை. மற்றப் பாதியில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனி வெளியே வர, இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன். முடிந்ததும் தாளை என் பக்கம் தள்ளினாள்.

'அப்பா மெசேஜ் வாசிக்கிறார். அதை அம்மா எழுதவில்லை. பெரியம்மா எழுதுகிறா. அம்மா செத்துப்போனா. அப்பாவுக்கு அது தெரியாது. எல்லாரும் அவரை ஏமாத்துகினம். அப்பா பாவம். அவருக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டாம்.'

முதலில் எனக்குப் பட்டது, ஐந்து வசனத்துக்கு மேல் எழுதிவிட்டாள் என்பதுதான். வாத்திப் புத்தி. அதற்குப் பிறகுதான் வாசித்தது உள்ளே இறங்கியது. நானும் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. ஹெந்தளையில மாமியின்ர போனில கேம் விளையாடேக்க ஒரு மெசேஜ் வந்தது. அம்மாவின்ர படம் போட்டு, பூப் போட்டு, மரண அறிவித்தல் எண்டு இருந்தது. கீழ என்ர பேரும் இருந்தது. தாரிகாவின் பாசமிகு தாயாரும் எண்டு."

உலகம் முழுக்க இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் அந்த அறிவித்தல் போனது. ஒரு பிள்ளைக்கு மட்டும் மறைத்தார்கள். மறைத்தவர்களின் போனைப் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுத்தார்கள்.

"அதில அப்பாவின்ர பேரும் இருந்திருக்குமே, பிள்ளை?"

"இருந்தது. என்ர பேரும்தானே இருந்தது? எனக்குச் சொன்னவையோ?"

அவள் படத்தில் சிரிக்கிற வாயைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பா ஒவ்வொரு நாளும் அந்த மெசேஜை வாசிச்சுச் சிரிக்கிறார் மிஸ். அம்மா வந்தாப் பிறகு கல்கிசைக் கடற்கரைக்குப் போவம் எண்டு சொல்றார். தெரிஞ்சால் அப்பிடிச் சொல்லுவாரோ? தெரிஞ்சால் அழுவார்."

"அதுக்காகவோ எழுதாமல் இருந்தனீ?"

"நான் எழுதுறது எல்லாத்தையும் அப்பா வாசிப்பார். அம்மாவைப் பற்றிப் பொய் எழுத எனக்கு வருகுதில்லை. மெய் எழுதினால் அவருக்குத் தெரிஞ்சிடும்."

'இப்படியான பிள்ளை' என்றார்கள் இவளை. கண் பார்த்தார்கள். வேறு பள்ளிக்கூடம் பார் என்றார்கள். நான்கூடக் கள்ளி என்று நினைத்தேன். எட்டு வயதில் ஒரு சாவைத் தனியாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, தகப்பனுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

நான் உடைக்க மாட்டேன் என்று உமாசுதனிடம் சொல்லியிருந்தேன். சொன்னால் என்ன? எழும்பி யன்னலடிக்குப் போய், "தம்பி, உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டேன்.

தாரிகா தாளுக்குப் பாய்ந்தாள். நான் அதற்கு முதல் எடுத்துவிட்டேன்.

"மிஸ்! சொல்ல வேண்டாமெண்டு எழுதினனான் எல்லோ! வாசிக்கத் தெரியாதோ உங்களுக்கு?"

என் சேலையைப் பிடித்து இழுத்தாள், முழங்கையில் அடித்தாள். அடிக்கட்டும் என்று நின்றேன். உமாசுதன் வாசலில் திகைத்துப் போய் நின்றார். தாளை அவர் கையில் கொடுத்தேன். அவள் ஓடிப்போய், தாளைத் தன் இரண்டு கையாலும் மூடி, "வாசிக்காதேங்கோ அப்பா, அது சும்மா கதை, நான் பொய்யுக்கு எழுதினனான்" என்று கத்தினாள்.

அவர் அந்தச் சின்னக் கைகளை மெல்ல விலக்கி வாசித்தார். லென்ஸ் நம்பர் பார்க்கிற மாதிரித் தாளைக் கிட்டப் பிடித்து வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்ப மேலேயிருந்து வாசித்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் குஞ்சு."

தாரிகா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். "ஆர் சொன்னது? மிஸ்ஸோ?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நான் பக்கத்திலதானே இருந்தனான். அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அண்டைக்கேவோ?"

"ஓம்."

அவளுடைய முகத்தில் கோபம் மெல்ல மெல்ல இறங்கியதை நான் கண்டேன். அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் தனியவோ தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம் குஞ்சு."

"நானும் தனியத்தான்" என்றாள்.

உமாசுதனின் வாய் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. பின்னேரத்தில் கூட்டுகிற பெண் விளக்குமாறோடு ஓடிவந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. தாரிகா பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவள் அவருடைய மடியில் ஏறி இருந்தாள். அதற்குப் பிறகு அவளும் அழத் தொடங்கினாள்.